வாய்ப்பாட்டை ஒப்பிப்பதற்கு முன்: குழந்தைக்கு வீட்டில் பெருக்கல் கற்றுக்கொடுக்க ஒரு வழிகாட்டி

மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ படிக்கும் ஒரு குழந்தையிடம் "ஆறேழு எவ்வளவு?" என்று திடீரெனக் கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் கண்களை மேலே உருட்டி, "ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு, மூவேழு இருபத்தொன்று" என்று உதட்டுக்குள் முணுமுணுத்தபடி ஒவ்வொரு படியாக ஏறி, ஆறாவது வரிக்கு வந்த பிறகே "நாற்பத்திரண்டு" என்பார்கள். நடுவில் நீங்கள் ஒரு சொல் பேசிவிட்டால் மறுபடியும் ஓரேழிலிருந்து தொடங்குவார்கள். இந்தக் குழந்தைக்கு ஏழாம் வாய்ப்பாடு ஒரு பாட்டாகத் தெரியும். பாட்டின் நடுவரியை மட்டும் தனியே எடுத்துச் சொல்ல நம்மாலும் எளிதில் முடியாது என்பதால், குழந்தையைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அந்தப் பாட்டைச் சரியான நேரத்திற்கு முன்பே சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்பதுதான் சிக்கல்.

இந்தக் கட்டுரை முதன்முறையாகத் தம் குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும் பெற்றோருக்காகவும், மாலை நேரத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடம் சொல்பவர்களுக்காகவும் எழுதப்பட்டது. ஒப்பித்தல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது கடைசியில் வர வேண்டும் என்றுதான் சொல்கிறேன். அதற்கு முன் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

தொடங்குவதற்கு முன்

குழந்தைக்கு ஒன்று முதல் நூறு வரை எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். 28 என்றால் இரண்டு பத்துகளும் எட்டு ஒன்றுகளும் என்பது புரிந்திருக்க வேண்டும். 14 உடன் 7 சேர்த்தால் எவ்வளவு என்பதை விரல் விட்டாவது கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தடுமாறினாலும் பெருக்கலை இரண்டு மாதம் தள்ளிப்போட்டுவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். கூட்டல் உறுதியாக இல்லாத குழந்தைக்குப் பெருக்கல் என்பது பொருளற்ற எண்களின் வரிசையாகவே இருக்கும்.

பொருட்களுக்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை, சாக்பீஸ், கட்டம் போட்ட கணக்கு நோட்டு, தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள், வீட்டில் சேர்ந்துகிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகள் ஆகியவை போதும். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடத்திற்கு மேல் உட்கார வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக இரண்டு மணி நேரம் நடத்துவதைவிட, நாள்தோறும் பத்து நிமிடம் நடத்துவது நல்ல பலன் தரும்.

முதல் படி: சமமான கூட்டங்கள்

முதல் வாரம் முழுவதும் பெருக்கல் குறியையே எழுத வேண்டாம். பேச்சிலேயே தொடங்குங்கள். இட்லிக் கொப்பரையில் தட்டுக்கு நான்கு குழி, மூன்று தட்டு அடுக்கியிருக்கிறோம், எத்தனை இட்லி வரும்? தெருவில் ஐந்து ஆட்டோ நிற்கிறது, ஆட்டோவுக்கு மூன்று சக்கரம், எத்தனை சக்கரம்? வீட்டில் நான்கு பேர், ஆளுக்கு இரண்டு வடை வீதம் எத்தனை வடை வாங்க வேண்டும்? தமிழில் இதற்கென்றே 'வீதம்' என்ற சொல்லும், 'தட்டுக்கு', 'ஆளுக்கு' என்று வரும் நான்காம் வேற்றுமை உருபும் கைவசம் இருப்பது நமக்கு நல்ல வசதி. கடைத்தெருவில் குழந்தை நாள்தோறும் கேட்கும் பேச்சிலேயே பெருக்கல் ஒளிந்திருக்கிறது.

குழந்தை புளியங்கொட்டைகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து வைத்து எண்ணட்டும். முதலில் ஒவ்வொன்றாக எண்ணும். சில நாள்களில் "நாலு, எட்டு, பன்னிரண்டு" என்று தானாகவே தாவித் தாவி எண்ணத் தொடங்கும். அந்தத் தாவல் வரும்வரை அவசரப்பட வேண்டாம். அது வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

சமமில்லாத கூட்டங்களையும் நடுநடுவே காட்டுவது அவசியம், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மூன்று சீப்பு வாழைப்பழத்தை வைத்து, "சீப்புக்கு எத்தனை பழம்?" என்று கேளுங்கள். ஒன்றில் பன்னிரண்டு இருக்கும், மற்றொன்றில் பதினான்கு இருக்கும், மூன்றாவதில் நேற்று யாரோ இரண்டைப் பிய்த்துத் தின்றிருப்பார்கள். "இதைத் தாவி எண்ண முடியுமா?" என்று கேட்டால் குழந்தை சற்று யோசித்துவிட்டு, முடியாது என்று சொல்லும். பெருக்கல் செய்வதற்குக் கூட்டங்கள் சமமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை இதைவிடத் தெளிவாக எந்த விளக்கத்தாலும் புரியவைக்க முடியாது.

இதற்குப் பிறகு எழுத்துக்கு வாருங்கள். 4 + 4 + 4 = 12 என்று எழுதி, "நான்கை எத்தனை முறை கூட்டினோம்?" என்று கேட்டு, "மூன்று முறை நான்கு" என்று சொல்ல வைத்து, அதைச் சுருக்கி 3 × 4 = 12 என்று எழுதிக் காட்டுங்கள். இவ்வளவு நீளமாக எழுதியதை இப்படிச் சுருக்கிவிடலாம் என்று தெரியும்போது குழந்தைக்கு ஒரு நிம்மதி வரும். 4 என்பதைப் பத்து முறை கூட்டி எழுதச் சொன்ன பிறகு இந்தக் குறியை அறிமுகம் செய்தால் அந்த நிம்மதி இன்னும் பெரிதாக இருக்கும்.

இந்த இடத்தில் பெற்றோரைக் குழப்பும் ஒரு சங்கதி உண்டு. தமிழ் வழியில் ஏழாம் வாய்ப்பாட்டை 1 × 7, 2 × 7, 3 × 7 என்று எழுதி "ஓரேழு, ஈரேழு, மூவேழு" என்று சொல்வது வழக்கம். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் 7 × 1, 7 × 2 என்று எழுதி "செவன் ஒன்ஸ் ஆர் செவன், செவன் டூஸ் ஆர் ஃபோர்டீன்" என்பார்கள். முதலாவதில் ஏழு ஏழாகக் கூட்டம் ஏறுகிறது. இரண்டாவதில் ஏழு கூட்டங்கள் அப்படியே இருக்க, ஒவ்வொரு கூட்டமும் பெருக்கிறது. விடை ஒன்றுதான் என்றாலும் மனத்தில் தோன்றும் படம் வேறு. உங்கள் குழந்தையின் பள்ளியில் எப்படி எழுதுகிறார்களோ அப்படியே தொடக்கத்தில் எழுதுங்கள். "எங்கள் காலத்தில் இப்படித்தான்" என்று தலைகீழாக்க வேண்டாம். அடுத்த படியைத் தாண்டிய பிறகு எப்படி எழுதினாலும் கவலையில்லை.

இரண்டாம் படி: புள்ளி வைத்த கோலம்

என்னைப் பொறுத்தவரை பெருக்கல் கற்பிப்பதில் இதுவே உயிரான பகுதி. நேர்ப்புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அவரையே ஆசிரியராக்கிக்கொள்ளுங்கள். தரையில் சாக்பீஸால் வரிசைக்கு ஆறு புள்ளியாக நான்கு வரிசை வையுங்கள். எத்தனை புள்ளி என்று குழந்தை ஆறாறாகத் தாவி எண்ணி, இருபத்து நான்கு என்று சொல்லும். இப்போது குழந்தையை எழுப்பி, பக்கவாட்டில் வந்து உட்காரச் சொல்லுங்கள். அங்கிருந்து பார்த்தால் வரிசைக்கு நான்கு புள்ளியாக ஆறு வரிசை தெரியும். புள்ளி ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. நான்காறும் ஆறுநான்கும் ஒன்றே என்பதைக் குழந்தை இடம் மாறி உட்கார்ந்தே கண்டுகொள்கிறது. (இடைவெளிகளில் புள்ளி வைக்கும் ஊடுபுள்ளிக் கோலம் இதற்கு உதவாது, அதில் வரிசைக்கு வரிசை எண்ணிக்கை மாறும்.)

முட்டை வாங்கி வரும் அட்டையையும் இதற்குப் பயன்படுத்தலாம். ஒரு பக்கம் ஐந்து, மறு பக்கம் ஆறு, மொத்தம் முப்பது குழிகள். பல்லாங்குழியில் இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி. குழிக்கு ஐந்து சோழி வீதம் போட்டால் பதினான்கு குழிக்கு எழுபது சோழி வேண்டும். இப்படி வரிசையும் நெடுவரிசையும் உள்ள பொருள்களைக் குழந்தையையே வீட்டில் தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னால், தரை ஓடு, ஜன்னல் கம்பி, மாத்திரை அட்டை என்று ஒரு பட்டியலே வரும்.

தமிழ்ச் சொற்களும் இங்கே துணைக்கு வரும். தாய் சுமந்த பத்து மாதத்தை 'ஐயிரண்டு திங்கள்' என்றும் சொல்கிறோம், 'ஈரைந்து மாதம்' என்றும் சொல்கிறோம். முருகனின் பன்னிரண்டு தோள்களை 'ஆறிரு தோள்' என்று பாடுகிறோம். அதே பன்னிரண்டுக்கு 'ஈராறு' என்றும் சொல் இருக்கிறது. 'ஈரேழு பதினாலு லோகம்' என்று பாட்டி கதை சொல்லும்போது குழந்தை கேட்டிருக்கும். எண்களை இடம் மாற்றிப் பெருக்கினாலும் விடை மாறாது என்பதைத் தமிழ் நெடுங்காலமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. நாம் அதைக் கணக்குப் பாடத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

இந்த ஓர் உண்மை குழந்தையின் சுமையை எவ்வளவு குறைக்கிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒன்று முதல் பத்து வரையிலான வாய்ப்பாடுகளில் மொத்தம் 100 பெருக்கல்கள் இருக்கின்றன. 3 × 8 தெரிந்தால் 8 × 3 தெரிந்ததாகிவிடும் என்பதால், உண்மையில் நினைவில் வைக்க வேண்டியவை 55 மட்டுமே. கணக்கு நோட்டில் பத்துக்குப் பத்துக் கட்டம் வரைந்து, எல்லா விடைகளையும் குழந்தையுடன் சேர்ந்து நிரப்பி, மூலைவிட்டத்தின் இருபுறமும் ஒரே எண்கள் எதிரெதிரே நிற்பதைக் காட்டுங்கள். அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த படி முழுவதற்கும் அது தேவைப்படும். குழந்தை கற்ற கட்டங்களுக்கு ஒவ்வொன்றாக வண்ணம் தீட்டிக்கொண்டே போகும்.

மூன்றாம் படி: எந்த வாய்ப்பாடு முதலில்?

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் வரிசையிலேயே வாய்ப்பாட்டைக் கற்பிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எளிதானதிலிருந்து தொடங்கி, கற்றதைக் கொண்டு கல்லாததைக் கட்டும் வரிசையே நல்லது. நான் பின்பற்றும் வரிசை இது: பத்து, இரண்டு, ஐந்து, நான்கு, எட்டு, ஒன்பது, மூன்று, ஆறு, ஏழு.

பத்தாம் வாய்ப்பாடு தமிழ் எண்ணுப் பெயர்களுக்குள்ளேயே இருக்கிறது. இருபது என்பது இரு பத்து, முப்பது மூன்று பத்து, அறுபது ஆறு பத்து, எண்பது எட்டுப் பத்து. குழந்தையிடம் இந்தப் பெயர்களைப் பிரித்துக் காட்டினால் ஒரே நாளில் பத்தாம் வாய்ப்பாடு முடிந்துவிடும். ஒன்பது பத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். 'தொண்ணூறு' என்ற பெயர் தன்னுள் நூறு என்ற ஓசையை வைத்திருப்பதால், எண்பதுக்கு அடுத்து நூறு என்று தாவிவிடும் பிள்ளைகள் உண்டு.

இரண்டாம் வாய்ப்பாடு என்பது ஓர் எண்ணை அதனுடனேயே கூட்டுவது. ஐந்தாம் வாய்ப்பாட்டுக்கு முள் வைத்த கடிகாரம் போதும்: பெரிய முள் 7-இல் நின்றால் 35 நிமிடம். பத்தின் பாதி ஐந்து என்பதால், எட்டுப் பத்து எண்பது, அதில் பாதி நாற்பது, ஆகவே எட்டைந்து நாற்பது என்று வேறொரு வழியிலும் வரலாம். ஒன்றாம் வாய்ப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சுழியத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. 5 × 0 என்றால் 5 என்று எழுதாத குழந்தையை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். "ஐந்து தட்டு இருக்கிறது, தட்டில் ஒன்றுமே இல்லை, எத்தனை இட்லி?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே சரியான விடையைச் சொல்லும் அதே குழந்தை, தாளில் தவறு செய்யும். இதற்குத் தாயக்கட்டை நல்ல மருந்து. இரண்டு கட்டைகளை உருட்டி, மேலே விழும் எண்களைக் கூட்டுவதற்குப் பதிலாகப் பெருக்கச் சொல்லுங்கள். வெற்றுப் பக்கம் விழுந்தால் மற்றக் கட்டையில் எது விழுந்தாலும் கைக்கு ஒன்றும் கிடைக்காது. இரண்டும் வெற்றுப் பக்கமாக விழுந்தால் பன்னிரண்டு அல்லவா என்று குழந்தை சண்டைக்கு வரும். இது வேறு ஆட்டம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதுவரை கற்றவற்றுக்கு வண்ணம் தீட்டினால், 55-இல் 34 முடிந்து 21 மட்டுமே மிஞ்சும். அதைக் குழந்தையையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். "இன்னும் ஆறு வாய்ப்பாடு பாக்கி இருக்கிறது" என்ற அச்சத்துக்கும் "இன்னும் இருபத்தொரு கட்டம்தான்" என்ற தெம்புக்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது.

நான்காம் வாய்ப்பாடு இரண்டின் இரட்டிப்பு, எட்டாம் வாய்ப்பாடு நான்கின் இரட்டிப்பு. காலண்டர் தாளை ஒருமுறை மடித்துப் பிரித்தால் இரண்டு பகுதி, இருமுறை மடித்தால் நான்கு, மும்முறை மடித்தால் எட்டு; 'மடங்கு' என்ற சொல்லின் பொருளும் அந்த மடிப்பில் விளங்கும். பலரும் கடினமென்று அஞ்சும் எட்டேழு இதனால் எளிதாகிவிடுகிறது: ஏழு, அதன் இரட்டிப்பு பதினான்கு, அதன் இரட்டிப்பு இருபத்தெட்டு, அதன் இரட்டிப்பு ஐம்பத்தாறு. இரட்டிக்கத் தெரிந்த குழந்தைக்கு எட்டாம் வாய்ப்பாடு மறந்தாலும் அச்சமில்லை. இங்கே 21 கட்டம் 10 ஆகக் குறையும்.

ஒன்பதைப் பத்திலிருந்து பிடிக்க வேண்டும். ஒன்பது ஏழு வேண்டுமென்றால், பத்து ஏழு எழுபது, அதில் ஓர் ஏழைக் குறைத்தால் அறுபத்து மூன்று. விரல் வித்தையும் இதற்கு உண்டு: இரு கைகளையும் விரித்து வைத்து, இடமிருந்து ஏழாவது விரலை மடக்கினால், மடக்கிய விரலுக்கு இடப்புறம் ஆறு, வலப்புறம் மூன்று விரல்கள் நிற்கும், விடை 63. பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். ஆனால் விரல் வித்தையை முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டால் பத்திலிருந்து கழிக்கும் வழியை அவர்கள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். பின்னாளில் 99 × 7 போன்ற கணக்குகளுக்கு உதவப்போவது அந்தக் கழிக்கும் வழிதான். ஆகவே வித்தையை ஒரு வாரம் உங்கள் கையிலேயே ஒளித்துவையுங்கள்.

இப்போது மிஞ்சுபவை ஆறே ஆறு: மும்மூன்று, மூவாறு, மூவேழு, ஆறாறு, ஆறேழு, ஏழேழு. மூன்றின் பெருக்கல்களைக் குழந்தை தாவி எண்ணியே பிடித்துவிடும். மூவாறு பதினெட்டு என்பதை இரட்டித்தால் ஆறாறு முப்பத்தாறு. மூவேழு இருபத்தொன்று என்பதை இரட்டித்தால் ஆறேழு நாற்பத்திரண்டு.

ஏழேழுக்குக் கோலப் புள்ளிகளிடம் திரும்பிப் போங்கள். ஏழுக்கு ஏழாகப் புள்ளி வைத்து, மேலிருந்து ஐந்தாம் வரிசைக்குக் கீழே ஒரு கோடு இழுங்கள். கோட்டுக்கு மேலே ஐந்து வரிசை, முப்பத்தைந்து புள்ளி, கீழே இரண்டு வரிசை, பதினான்கு புள்ளி, கூட்டினால் நாற்பத்தொன்பது. தெரியாத பெருக்கலை இரண்டு தெரிந்த பெருக்கல்களாக வெட்டலாம் என்ற இந்த ஒரு கோட்டை மட்டும் குழந்தை நன்றாகப் பிடித்துக்கொண்டால், வாய்ப்பாட்டில் எந்த இடம் மறந்தாலும் தானே அதை மீட்டுக்கொள்ளும். இதற்கு இரண்டு மூன்று நாள்களைத் தாராளமாகச் செலவிடலாம். வெவ்வேறு இடங்களில் கோடு இழுத்து, எங்கே வெட்டினால் கணக்கு எளிதாகிறது என்று குழந்தையே சொல்லட்டும்.

நான்காம் படி: இப்போது ஒப்பிக்கலாம்

பொருள் புரிந்து, விடையைத் தானே கட்டிக்கொள்ளத் தெரிந்த பிறகும், ஒவ்வொரு முறையும் கட்டிக்கொண்டிருந்தால் பெரிய கணக்குகளில் கை தளர்ந்துவிடும். விடை உடனே நாவுக்கு வர வேண்டும். இங்கேதான் ஒப்பித்தலுக்கு வேலை வருகிறது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி ஒப்பித்த நம் முன்னோர், முழு எண்களுக்கு மட்டுமல்லாமல் கால், அரை, முக்கால் ஆகியவற்றுக்கும், பதினாறில் ஒரு பங்கான மாகாணிக்கும், அதைவிடச் சிறிய, 320-இல் ஒரு பங்கான முந்திரிக்கும் வாய்ப்பாடு வைத்திருந்தார்கள். தாளும் பென்சிலும் மலிவாகக் கிடைக்காத காலத்தில் நாவில் இருக்கும் கணக்கே கைவசம் இருக்கும் கணக்கு.

பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்கச் சொல்லும் தாத்தாக்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். பதினாறு அணா ஒரு ரூபாயாக இருந்தபோது அது தினசரித் தேவையாக இருந்தது. 1957 ஏப்ரலில் தசம நாணயம் வந்தபின் அந்தத் தேவை போய்விட்டது. பத்து வரை உறுதியாகத் தெரிந்த குழந்தைக்கு, பதினாறு ஏழை எழுபதும் நாற்பத்திரண்டும் என்று வெட்டிக் கூட்டத் தெரிந்தால் போதுமென்பது என் கருத்து. தாத்தா விரும்பினால் தாத்தாவே சொல்லிக்கொடுக்கட்டும், தடுக்க வேண்டாம்.

ஒப்பிக்கும்போது ஓரேழு, ஈரேழு, மூவேழு, நாலேழு, ஐயேழு என்ற பழைய சந்தி வடிவங்களையே சொல்ல வையுங்கள். "ஐந்து பெருக்கல் ஏழு சமம் முப்பத்தைந்து" என்பதைவிட "ஐயேழு முப்பத்தைந்து" சுருக்கமானது, தாளத்தில் அமர்வது, அதனாலேயே மறக்காதது. மேலிருந்து கீழே சொன்னதைக் கீழிருந்து மேலேயும் சொல்லட்டும். பத்தேழு எழுபது, ஒன்பதேழு அறுபத்து மூன்று என்று இறங்கும்போது பாட்டு உடைந்து கணக்கு வெளிவரும்.

பிறகு அட்டைகளுக்கு வாருங்கள். கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டுகளாக வெட்டி, ஒரு புறம் 6 × 7 என்றும் மறுபுறம் 42 என்றும் எழுதுங்கள். இரண்டு முதல் ஒன்பது வரையிலான எண்களுக்கு 36 சீட்டுகள் போதும். குழந்தை ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துச் சொல்லும்போது, உடனே வந்தவை, யோசித்து வந்தவை, வராதவை என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். மறுநாள் வராத குவியலிலிருந்து இரண்டு சீட்டு, யோசித்த குவியலிலிருந்து மூன்று, உடனே வந்தவற்றிலிருந்து ஐந்து என்று பத்துச் சீட்டு மட்டும் எடுங்கள். தெரிந்தவை பாதியாவது இருக்க வேண்டும். எல்லாமே தெரியாத சீட்டுகளாக இருந்தால் மூன்றாவது நாள் குழந்தைக்குக் கணக்கு நேரத்தில் வயிற்று வலி வந்துவிடும்.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வேகச் சோதனை வைப்பதை நான் ஆதரிப்பதில்லை. பதற்றத்தில் தெரிந்ததும் மறந்துபோகிறது. அண்ணனையும் தம்பியையும் எதிரெதிரே நிறுத்தி யார் முதலில் சொல்கிறார் என்று பார்ப்பதும் அதைப்போன்றதே. தோற்கும் பிள்ளை கணக்கையே வெறுத்துவிடுகிறது.

தவறான விடை சொல்லும் சேதி

குழந்தை தவறாகச் சொன்னால் "தப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சரியான விடையைக் கொடுக்காதீர்கள். எந்தத் தவறு என்று பாருங்கள். 6 × 4 = 10 என்றால் குறியைப் பார்க்காமல் கூட்டியிருக்கிறது; சமக் கூட்டங்களுக்குத் திரும்ப வேண்டும். 6 × 8 = 42 என்றால் தாவி எண்ணும்போது ஒரு படி விட்டுவிட்டது; கருத்து சரியாகவே இருக்கிறது. 7 × 8 = 54 என்றால் ஐம்பதுக்கு மேல் ஏதோ ஒன்று என்று நினைவிருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரரான ஆறொன்பதின் விடை ஒட்டிக்கொண்டுவிட்டது; இரட்டித்துப் பார்க்கச் சொன்னால் தானே திருத்திக்கொள்ளும். 8 × 9-க்கு எண்பத்திரண்டு என்று வந்தால் அது கணக்குத் தவறே அல்லாமல் காதின் தவறாகவும் இருக்கலாம். எழுபதும் எண்பதும் வேகமாகச் சொல்லும்போது ஒன்றுபோல் ஒலிப்பதால் மயங்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களை விடையை வாயால் சொல்லாமல் எழுதச் சொல்லிப் பாருங்கள், பாதி சிக்கல் தீர்ந்துவிடும்.

"எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்ற கேள்வியைச் சரியான விடைக்கும் கேளுங்கள். தவறுக்கு மட்டும் கேட்டால், அந்தக் கேள்வி வந்தாலே தவறு என்று குழந்தை புரிந்துகொண்டு, சரியாகச் சொன்ன விடையையும் மாற்றத் தொடங்கிவிடும்.

ஐந்தாம் படி: வகுத்தலும் கதைக் கணக்கும்

ஒரு பெருக்கல் உறுதியானவுடனேயே அதைத் திருப்பிக் கேட்கலாம். "ஆறேழு நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டு புளியங்கொட்டையை ஏழு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு எத்தனை?" வகுத்தலைத் தனிப் பாடமாக ஆறு மாதம் கழித்துத் தொடங்குவதைவிட, பெருக்கலின் மறுபுறமாக இப்போதே காட்டிவிடுவது எளிது.

கதைக் கணக்குகளில் 'மொத்தம்' என்ற சொல்லைப் பார்த்தவுடன் கூட்டிவிடும் பழக்கம் பிள்ளைகளிடம் பரவலாக இருக்கிறது. "ஒரு பெட்டியில் 8 பென்சில், 5 பெட்டிகளில் மொத்தம் எத்தனை?" என்றால் 13 என்பார்கள். சொல்லைப் பிடித்துக்கொண்டு கணக்குச் செய்யக் கற்றுக்கொடுத்ததன் விளைவு இது. எண்ணை எழுதுவதற்கு முன் படம் வரையச் சொல்லுங்கள். ஐந்து பெட்டி வரைந்து, முதல் பெட்டிக்குள் எட்டுக் கோடு போட்டதுமே விடை பதின்மூன்றாக இருக்க முடியாது என்று குழந்தைக்குத் தெரிந்துவிடும். இதைவிட நல்ல பயிற்சி, 5 × 8 என்று மட்டும் எழுதிக் கொடுத்து அதற்கு ஒரு கதையைக் குழந்தையையே உண்டாக்கச் சொல்வது. "என்னிடம் ஐந்து முயல் இருந்தது, இன்னும் எட்டு முயல் வந்தது" என்று கதை வந்தால், இன்னும் முதல் படியில் வேலை பாக்கி இருக்கிறது என்று பொருள்.

ஆறாம் படி: இரண்டு இலக்க எண்கள்

கோலத்தில் இழுத்த அந்தக் கோடு இங்கே மறுபடியும் வருகிறது. 14 × 6 என்றால் பதினான்கைப் பத்தும் நான்குமாக வெட்டி, பத்தாறு அறுபது, நான்காறு இருபத்து நான்கு, ஆக எண்பத்து நான்கு. இதைச் சில நாள் மனத்திலேயே செய்து பழகிய பின், இரண்டு எண்களும் இரண்டு இலக்கமாக உள்ள கணக்குக்குப் போகலாம். 23 × 14-க்கு ஒரு செவ்வகம் வரைந்து, ஒரு பக்கத்தை 20, 3 என்றும் மறு பக்கத்தை 10, 4 என்றும் பிரித்தால் நான்கு அறைகள் கிடைக்கும். அறைகளில் 200, 80, 30, 12 என்று நிரப்பிக் கூட்டினால் 322. நான்கு அறை உள்ள வீடு என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிடும்.

பள்ளியில் கற்பிக்கும், ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதும் முறையை இதற்குப் பிறகு காட்டினால், அதில் வரும் 92 என்பது 80-உம் 12-உம் சேர்ந்தது, 230 என்பது 200-உம் 30-உம் சேர்ந்தது என்று குழந்தை தானே இணைத்துப் பார்க்கும். இரண்டாம் வரியில் ஏன் ஓர் இடம் தள்ளி எழுதுகிறோம் என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்: 14-இல் உள்ள 1 உண்மையில் பத்து. இடம் தள்ள மறந்த குழந்தை 92-உடன் 23-ஐக் கூட்டி 115 என்று எழுதும். அப்போது சிவப்பு மையை எடுக்காமல், "இருபது பத்து எவ்வளவு?" என்று மட்டும் கேளுங்கள். இருநூறு என்று சொல்லிவிட்டுத் தன் நோட்டிலுள்ள 115-ஐப் பார்க்கும் குழந்தை, நீங்கள் ஒன்றும் சொல்லாமலேயே ரப்பரைத் தேடும்.